விண்கலம் ஓட்டும் விளையாட்டு

எமது சங்கத்தின் ஆண்டு மலரிற் கணனி விளையாட்டைப் பற்றிய கட்டுரை ஒன்று இடம்பெறுவது பெரியோர் சிலருக்கு வியப்பை, ஏன், வெறுப்பையுங்கூட உண்டாக்கலாம். படிக்கவேண்டிய நேரத்திற் பிள்ளைகள் திரையின் முன் அமர்ந்து கண்ணைக் கெடுத்துக்கொள்கின்றனர் என்ற முறைப்பாடு எழாத வீடு இன்று அரிது. அம்முறைப்பாட்டில் நியாயமில்லை என்று நாம் வாதாட வரவில்லை. சுடுவதும் அடிப்பதும் நொறுக்குவதுமே தொழிலாகக் கொண்ட விளையாட்டுக்கள் மலிந்திருப்பதை நாமும் அறிவோம். ஆயினும், அவற்றிடையே வேறு வகையைச் சேர்ந்த சில விளையாட்டுக்கள், அறுபது ஆண்டுகளுக்கு மேலாக, பெரிய ஆரவாரமின்றி வளர்ந்து வந்துள்ளன. விண்கலம் ஒன்றை வானில் உள்ளபடி ஓட்டுவது எப்படி என்பதை அவை கற்பிக்கின்றன. அவற்றின் வரலாற்றை இங்கு சுருக்கமாகக் கூற முற்படுகின்றோம். கூறும்போது ஒரு வினாவை மட்டும் கைவிடாது பிடித்துக்கொள்வோம்: இயற்கையின் விதியில் ஒவ்வொருவரும் எதனை விட்டுக்கொடுத்தனர்? எதனை விட்டுக்கொடுக்க மறுத்தனர்?

விதி என்று நாம் கூறுவது ஊழ்வினையை அன்று. ஐசக் நியூற்றன் மறைந்ததற்கு மறு ஆண்டு, 1728இல், வெளிவந்த அவரது நூலொன்றில் மிக உயர்ந்த மலையுச்சியில் நிறுத்தப்பட்ட பீரங்கி ஒன்று வருகிறது. குண்டை மெல்லச் சுட்டால் அது மலையடியில் விழும். வேகத்தைக் கூட்டக்கூட்ட அப்பால் அப்பாற் சென்று விழும். வேகம் போதிய அளவை அடைந்துவிட்டால், குண்டு விழுகின்ற அளவுக்கு உருண்டைப் பூமியும் அதன் கீழ் வளைந்து விலகிக்கொண்டே போவதால், குண்டு நிலத்தைத் தொடுவதே இல்லை. ஓயாது விழுந்துகொண்டிருப்பதே சுற்றுவது. இந்த ஒரு கருத்தை நெஞ்சிற் பதித்துக்கொண்டவனுக்கு விண்வெளிப் பயணத்திற் பாதி விளங்கிவிடும். மறுபாதியை, நியூற்றனுக்கு முன்னரே, 1619இற் கெப்பிளர் கூறிவிட்டார்: சுற்றும் பொருளின் பாதை எவ்வளவுக்குச் சிறிதோ, ஒரு சுற்றுக்கு அது எடுக்கும் காலமும் அவ்வளவுக்குக் குறையும். பின்னர், 1903இல் இருசிய நாட்டுப் பாடசாலை ஆசிரியரான சியோல்கோவ்ஸ்கி உந்துகலத்தின் எரிபொருட் கணக்கை வெளியிட்டார். 1925இல், யேர்மனியின் எசன் நகரில் நகரசபைக் கட்டட வேலைகளைக் கவனித்துவந்த வால்ற்றர் ஹோமான், ஒரு பாதையிலிருந்து இன்னொரு பாதைக்கு மிகக் குறைந்த செலவில் மாறும் வழியை வகுத்தார். இவர்களுள் ஒருவரும் வானில் ஏறியவரல்லர்.

ஏட்டில் இருந்த இவ்விதி, வானில் ஏறியவரின் கைக்கு எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதற்கு 1965ஆம் ஆண்டு சாட்சி. அவ்வாண்டு யூன் 3ஆம் திகதி ஜெமினி-4 என்ற அமெரிக்கக் கலம் ஏவப்பட்டது. அதன் தலைவர் ஜேம்ஸ் மக்டிவிற், போர்விமானம் ஓட்டித் தேர்ந்தவர். தம்மை வானிற் சேர்த்துவிட்டுக் கழன்றுபோன ஏவுகலத்தின் மேற்பகுதி சற்றுத் தொலைவில் மிதந்துகொண்டிருந்தது. அதனை அணுகி அதனருகே பறப்பது அவருக்கு இடப்பட்ட வேலைகளுள் ஒன்று. விமானத்திற் செய்வது போலவே இலக்கை நோக்கி மூக்கைத் திருப்பி உந்தினார். இலக்கோ நெருங்கவில்லை, கீழிறங்கி விலகிச் சென்றது. மீண்டும் உந்தினார், மீண்டும் விலகியது. பாதையை மாற்றுதற்கென வைத்திருந்த எரிபொருளில் ஏறத்தாழப் பாதி இவ்வாறு வீணான பின்னர் அம்முயற்சி கைவிடப்பட்டது.

ஏன் இவ்வாறு நிகழ்ந்தது? முன்னே செல்லும் பொருளைப் பிடிக்க வேகத்தைக் கூட்டினால், எமது பாதை பெரிதாகிறது. பாதை பெரிதானாற் சுற்றுக்காலம் நீள்கிறது. எனவே பிடிக்கப்போனவன் பின்தங்குகிறான். பிடிக்க விரும்புகிறவன் வேகத்தைக் குறைக்கவேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 400 கிலோமீற்றர் உயரத்தில், செக்கனுக்கு ஏறத்தாழ 7.67 கிலோமீற்றர் வேகத்தில், 92 அல்லது 93 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றும் கலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் வேகத்திற் செக்கனுக்கு 10 மீற்றரை மாத்திரம் குறைத்தால், பூமியின் மறுபக்கத்தில் அதன் பாதை ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தாழ்ந்துவிடும். சுற்றுக்காலத்தில் இருபது செக்கனுக்குச் சற்றே கூடுதலாகக் குறையும். அச்சிறு குறைவினால், ஒரு சுற்று முடிகையில் அக்கலம் தன் பழைய இடத்துக்கு 160 கிலோமீற்றருக்கு மேல் முன்னே நிற்கும். மெல்லப் போகிறவன் முந்திக்கொள்கிறான். இதனைத் தாளிற் படித்தவன் தலையசைப்பான். ஆனாற் கையிற் பிடியும் கண்ணெதிரே இலக்கும் இருக்கும்போது, தலை அறிந்ததைக் கை மறந்துவிடும். எட்வின் ஆல்ட்றின் இப்பொருள் பற்றியே 1963இல் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திற் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ந்து எழுதியிருந்தார் என்பதையும், 1965 டிசெம்பர் 15ஆம் திகதி ஜெமினி-6 ஜெமினி-7ஐ ஓரடி இடைவெளிவரை நெருங்கிக் காட்டியது என்பதையும் சேர்த்துக் கூறவேண்டும். கணக்கும் பயிற்சியும் சேர்ந்தபோது கைகூடியது.

அப்பயிற்சிக்கு அவர்கள் கொடுத்த விலை சிறிதன்று. சந்திரனில் இறங்கப் பழகுவதற்கென அமைத்த பறக்கும் பொறியொன்றிலிருந்து, 1968 மே 6ஆம் திகதி, நீல் ஆம்ஸ்ரோங் பரசூட்டின் உதவியாற் கணப்பொழுதிற் குதித்துத் தப்பினார். பொறி நிலத்தில் விழுந்து எரிந்தது. வல்லரசு ஒன்றின் திறைசேரிக்கன்றி வேறெவர்க்கும் எட்டாத கல்வியாக இது இருந்தது. அக்கல்வியிற் ஒரு கைப்பிடியளவு சாமானிய மாணவனின் கைக்கு எப்படி வந்தது என்பதே நாம் சொல்ல வந்த கதை.

கதை 1962இல், அதே மசச்சூசெற்ஸ் நிறுவனத்தில், தொடங்குகிறது. டிஜிற்றல் என்ற கம்பனி அங்கு அன்பளிப்பாக வழங்கிய பி.டி.பி.-1 என்னும் கணனியில், ஸ்ரீவ் றசலும் நண்பர்களும் ‘ஸ்பேஸ்வோர்’ என்ற விளையாட்டை ஆக்கினர். இரண்டு கலங்கள், ஒன்றையொன்று சுடும். இது வெறும் சண்டையாகவே முடிந்திருக்கும். டான் எட்வேட்ஸ் என்பவர் நடுவில் ஒரு விண்மீனை நிறுத்தி அதற்கு ஈர்ப்பையும் கொடுத்தார். அதன்பின் கலமோட்டி விழவேண்டியிருந்தது, வளையவேண்டியிருந்தது, விழும் வேகத்தையே துணையாகக் கொண்டு மறுபுறம் வெளிப்படவேண்டியிருந்தது. பீற்றர் சாம்சன் என்ற இன்னொருவர், பின்னணியிற் கண்டபடி புள்ளிகள் இருப்பதைப் பொறுக்கமாட்டாது, உண்மையான வானத்தின் விண்மீன்களை அவற்றின் இடத்திலும் ஒளியளவிலும் வைத்துக் கொடுத்தார். இங்கே விட்டுக்கொடுத்தது யாதெனில், எறிகணைகள். கணனியின் வலு போதாமையால், கலங்களை இழுக்கும் விண்மீன் அவற்றின் எறிகணைகளை மட்டும் இழுக்காது விட்டது. வறுமையாற் செய்த பிழை, மன்னிக்கலாம்.

அடுத்த படி எமது இளைஞர்கள் பெரிதும் கவனிக்கவேண்டியது. ஏனெனில் அதனை வைத்தவர் ஒரு பாடசாலை மாணவர். 1969 யூலை 20ஆம் திகதி ஆம்ஸ்ரோங்கும் ஆல்ட்றினும் சந்திரனில் இறங்கினர். தானாக இறங்கிய கலம் பாறைகள் நிறைந்த குழியொன்றை நோக்கிச் செல்வதைக் கண்ட ஆம்ஸ்ரோங், கட்டுப்பாட்டைத் தம் கையில் எடுத்து அப்பால் ஓட்டிச் சென்று இறக்கினார் என்பது உலகறிந்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில், மசச்சூசெற்ஸ் மாநிலத்து லெக்சிங்ரன் உயர்தரப் பாடசாலையிற் பயின்ற ஜிம் ஸ்ரோறர், பாடசாலைக்கு வாய்த்த பி.டி.பி.-8 கணனியில் அவ்விறக்கத்தை ஒரு விளையாட்டாக எழுதினார். திரையுமில்லை, படமுமில்லை. தட்டச்சுப் பொறி தாளில் எண்களை அடித்துத் தரும். விளையாடுபவர் ஓர் எண்ணைத் தட்டி விடை கொடுப்பார். அவ்வளவே.

ஆனால் அந்த எண்களைப் பாருங்கள். சந்திரனுக்கு மேல் 120 மைல் உயரம். கீழ்நோக்கி மணிக்கு 3,600 மைல் வேகம், அதாவது செக்கனுக்கு ஒரு மைல். கலத்தின் நிறை 32,500 இறாத்தல். அதில் 16,000 இறாத்தல் எரிபொருள். ஒவ்வொரு 10 செக்கனுக்கும் ஒருமுறை, செக்கனுக்கு எத்தனை இறாத்தல் எரிப்பது என்று கூறவேண்டும். ஒன்றுமே செய்யாதிருந்தால் இரண்டு நிமிடத்தில் மோதல். எரிக்க எரிக்கக் கலம் இலேசாகும். இலேசாக இலேசாக அதே எரிப்பு அதனைக் கூடிய வலுவுடன் தடுக்கும். சியோல்கோவ்ஸ்கியின் கணக்கு அப்படியே உள்ளே இருந்தது. முற்கூட்டி எரித்தவன் உயரத்தில் நின்று எரிபொருள் தீர்ந்து விழுவான். பிந்தியவன், தான் சந்திரனிற் புதிதாகத் தோண்டிய குழியின் ஆழம் எத்தனை அடி என்பதை அத்தட்டச்சுப் பொறியிலிருந்தே அறிந்துகொள்வான். மாணவனுக்கேயுரிய குறும்பு அது!

ஸ்ரோறர் விட்டுக்கொடுத்தது பக்கவாட்டு இயக்கத்தை. உண்மைக் கலம் ஏறத்தாழ 15 கிலோமீற்றர் உயரத்திற் சந்திரனைச் சுற்றி வந்தபடியே தன் கிடை வேகத்தைக் கொன்று இறங்கியது. அவருடைய கலமோ நேர்கீழாக விழுந்தது. இன்னொன்றும் உண்டு. அந்நிரலில், வகுக்கவேண்டிய ஓரிடத்தில் இரண்டால் வகுக்காது விட்ட ஒரு சிறு வழு இருந்தது. எரிபொருளை மிகச் சிக்கனமாகச் செலவிட்டு இறங்கும் வழியை நுணுகி ஆராய்ந்த ஒருவர் 2024இல் அதனைக் கண்டு வெளியிட்டார். ஐம்பத்தைந்து ஆண்டு அவ்வழு ஒருவர் கண்ணிலும் படாது கிடந்தது. பிழையைக் கண்டவர் எள்ளவில்லை. பாடசாலைப் பையன் ஒருவன் அந்நாளில் அத்தகைய கணிதத்தை அக்கணனிக்குள் அடக்கினானே என்று வியந்தே எழுதினார். ஸ்ரோறர் பிற்காலத்திற் கணனி விஞ்ஞானப் பேராசிரியரானார்.

அவரது விளையாட்டு கையிலிருந்து கைக்குப் பரவியது. டேவிட் ஆல் என்பவர் ‘பேசிக்’ மொழியில் எழுதப்பட்ட அதன் வடிவங்களைத் தமது கணனி விளையாட்டு நூலில் 1973இல் அச்சிட்டார். நூலைப் பார்த்துத் தாமே நிரலைத் தட்டி விளையாடியோர் எண்ணற்றோர். விளையாடுமுன் அதன் கணிதத்தை வரிவரியாக எழுதவேண்டியிருந்தது என்பதை இக்காலத்து இளைஞர் எண்ணிப்பார்க்கவேண்டும். அவ்வாண்டிலேயே டிஜிற்றல் கம்பனிக்காக ஜக் பேர்னஸ் என்பவர் திரையிற் கோடுகளாற் சந்திரனின் தரையை வரைந்து, ஒளிப்பேனாவால் ஓட்டும்படி செய்தார். சரியான இடத்தில் இறங்கினால் அங்கே மக்டொனால்ட்ஸ் உணவுக்கடை ஒன்றைக் காணலாம். 1979இல் அற்றாரி கம்பனி இதே இறக்கத்தைக் காசு போட்டு விளையாடும் பெட்டியாக்கியது. அங்கே எரிபொருள் தீருமுன் இன்னுமொரு காசு போட்டால் இன்னும் எரிபொருள் கிடைக்கும். விதியை வணிகத்துக்கு விட்டுக்கொடுத்த இவ்விடத்தைப் பற்றி நாம் கூடுதலாகக் கூறப்போவதில்லை. அதே ஆண்டில் அக்கம்பனி வெளியிட்ட, பாறைகளைச் சுட்டுத் தள்ளும் இன்னொரு விளையாட்டே பெரும் பணம் ஈட்டியது என்பதை மட்டும் குறிப்போம். 1994இல் மைக்ரோசொவ்ற் கம்பனியும் விண்வெளிப் பாவனை விளையாட்டொன்றை விற்றது, அது தொடரவில்லை.

சந்தை கைவிட்ட அவ்வேலையைத் தனியொருவர் எடுத்துக்கொண்டார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆய்வாளராக இருந்த கலாநிதி மாட்டின் ஷுவைகர், 2000ஆம் ஆண்டு நவெம்பர் 27ஆம் திகதி ‘ஓபிற்றர்’ என்ற விளையாட்டை வெளியிட்டார். அவருடைய தொழில் விண்வெளி அன்று. ஒளியைச் செலுத்தி உடலின் உள்ளுறுப்பைப் படமாக்கும் கணிதம். வேலை முடிந்த நேரத்தில் அவர் ஆக்கிய இவ்விளையாட்டுக்கு விலையே இல்லை, விரும்பியவர் எடுத்துக்கொள்ளலாம்.

ஓபிற்றரிற் பகைவன் இல்லை, புள்ளியும் இல்லை. சூரியனும் கிரகங்களும் சந்திரனும் தத்தம் உண்மையான பருமனிலும் தொலைவிலும் உள்ளன. கலத்தை அவை எல்லாம் ஒருசேர இழுக்கின்றன. பூமி முழு உருண்டையன்று, நடுவிற் சற்றுப் பருத்தது என்பதாற் பாதையில் உண்டாகும் மெல்லிய திரிபைக்கூட விரும்பினாற் சேர்த்துக்கொள்ளலாம். திகதியைக் கொடுத்தால் அன்றைய தினம் கிரகங்கள் நின்ற இடத்தில் நிற்கும். பாரிஸ் வானியலார் வகுத்த கணிதம் அதற்கு அடிப்படை. பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பழகிய எமது பெரியோர் இப்பகுதியை மிகவும் இரசிப்பர் என்பது எமது துணிவு. பூமியோடு ஒத்துச் சுற்றுமாறு 35,786 கிலோமீற்றர் உயரத்திற் கலத்தை நிறுத்திப் பார்க்கலாம். அவ்வுயரத்திற் செய்மதிகளை வைத்து உலகெங்கும் செய்தி அனுப்பலாமென 1945இல் எழுதிய ஆதர் சி. கிளாக், 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008இற் கொழும்பில் மறைந்தவர்.

ஓபிற்றரும் ஒன்றை விட்டுக்கொடுத்துள்ளது. இரண்டு கலங்கள் மோதினால் அவை நொறுங்குவதில்லை; ஆவிகள் போல ஒன்றையொன்று ஊடுருவிச் சென்றுவிடும். ஈர்ப்பு விதியில் அணுவளவும் தளராத ஒருவர் இங்கே தளர்ந்தது எமக்கு முதலில் நகைப்பைத் தந்தது. பின்னர் அதனால் நாமே பயனடைந்தோம். அதனைப் பின்னர் கூறுவோம்.

பிறர் தத்தம் கலங்களை ஆக்கிச் சேர்ப்பதற்கும் ஷுவைகர் வழி திறந்து வைத்தார். அவ்வழியே வந்த பணிகளுள் அப்பலோப் பயணங்களை மீளமைக்கும் ஒன்று தனியாகக் குறிப்பிடத்தக்கது. அப்பலோக் கலத்தின் கணனியில் மாற்றக்கூடிய நினைவகம் 2,048 சொற்கள். மாற்றமுடியாதது, கம்பியாற் பின்னப்பட்டது, 36,864 சொற்கள். அந்நாளைய நிரல்களின் அச்சுப்பிரதிகள் சில காக்கப்பட்டிருந்தன. அவற்றைப் படியெடுத்து இக்காலக் கணனியில் இயங்கவைக்கும் பணியை றொன் பேர்க்கி என்பவர் 2003இல் தொடங்கினார். அதன் பயனாக, ஓபிற்றரிற் சந்திரனுக்குச் செல்பவர், 1969இல் ஆம்ஸ்ரோங்கின் கலத்தை இறக்கிய அதே நிரலோடு உரையாடலாம். சாயலைப் பார்த்து ஆக்கியதன்று, அதுவேதான்.

இதனோடு ஒப்பிட 2011 யூன் 24ஆம் திகதி முதலில் வெளிவந்த ‘கேர்பல் ஸ்பேஸ் புறோகிறாம்’ வேடிக்கையானது. மெக்சிக்கோ நகரின் ஸ்குவாட் நிறுவனத்திற் பெலிப்பே பலாங்கே என்பவர் தொடக்கிய இதிற் பச்சை நிறக் குள்ளர்கள் கலமேறுகின்றனர். பெரும்பாலும் வெடித்துச் சிதறுகின்றனர். விட்டுக்கொடுத்தவை இங்கே பல. அவர்களது கிரகத்தின் ஆரை 600 கிலோமீற்றர் மட்டுமே, பூமியின் ஆரையிற் பத்திலொன்றுக்கும் குறைவு. அதனாற் சுற்றுப்பாதையை அடையச் செக்கனுக்கு 2.3 கிலோமீற்றர் அளவு வேகமே போதும். கலத்தை ஒரு நேரத்தில் ஒரு கிரகம் மாத்திரமே இழுக்கும். கடுமையான நோக்குடையோர் இதனைப் பொம்மை என்பர். நாம் அவ்வாறு கொள்ளவில்லை. மக்டிவிற்றுக்கு வாய்த்த அதே தோல்வி இதிலும் வாய்க்கும். ஹோமானின் வழியை அறியாதவன் இதிலும் அயற்கிரகத்தை அடையமாட்டான். உருவம் சுருங்கியதேயன்றி விதி சுருங்கவில்லை. எத்தனையோ இளைஞர் சிரித்துக்கொண்டே கெப்பிளரைக் கற்க இது வழி செய்தது. 2014இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவே இவர்களுடன் கூடி, விண்கல்லொன்றைப் பிடிக்கும் தன் திட்டத்தை இவ்விளையாட்டிற் சேர்த்தது. ஆனால் இது விலை கொடுத்து வாங்கவேண்டியது.

ஓபிற்றரைப் பொறுத்தவரை ஓர் அச்சம் இருந்துவந்தது. ஒருவர் கையில் வளர்ந்த பணி அவர் களைத்தால் என்னாகும்? 2016இன் பின் புதிய பதிப்பு வராதிருந்தது. 2021 யூலையில் ஷுவைகர் அதன் மூலநிரல் முழுவதையும் எவரும் எடுத்துப் படிக்கவும் திருத்தவும் உரிமையளித்து வெளியிட்டார். அன்று முதல் அது பலருடைய பணியாயிற்று.

நாமும் சும்மா இருக்கவில்லை. கட்டுரை எழுதுவோர் எழுதும் பொருளைத் தொட்டாவது பார்க்கவேண்டுமென்று சங்கத்துத் தம்பிமார் இருவர் வற்புறுத்தவே, பழைய கணனி ஒன்றில் ஓபிற்றரை ஏற்றிச் சர்வதேச விண்வெளி நிலையத்தைப் பிடிக்கப் புறப்பட்டோம். மேலே எழுதிய கணக்கெல்லாம் அப்போதே எமக்கு மனப்பாடம். நிலையம் முன்னே ஒளிப்புள்ளியாகத் தெரிந்ததுமே கணக்கு மறந்தது. மூக்கைத் திருப்பி உந்தினோம். அது விலகிற்று. “ஐயா, மெதுவாக்குங்கோ, மெதுவாக்குங்கோ” என்று இளையவர் பின்னாலிருந்து கத்தியதும் பயனளிக்கவில்லை. முதலிரவு எரிபொருள் தீர்ந்தது. இரண்டாம் இரவு வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்து முந்தி, மீண்டும் உயர்ந்து அருகே வந்துவிட்டோம். ஆனால் வந்த வேகத்தை அடக்கமுடியாமல் நிலையத்தின் நடுவே ஊடுருவி மறுபக்கம் போனோம். மெய்யான வானாயின் அன்று எமக்கு எட்டுச் செலவுக்கு ஏற்பாடு நடந்திருக்கும். மூன்றாம் இரவு, ஒன்றரைச் சுற்றுப் பொறுமையாகக் காத்திருந்து, செக்கனுக்கு 20 சதமமீற்றர் வேகத்தில் நெருங்கினோம். கலம் நிலையத்தோடு பொருந்திக்கொண்டபோது நேரம் பதினொரு மணி கடந்துவிட்டது. தம்பிமாரைத் தேடி வந்த அவர்களுடைய தந்தையார் வாசலில் நின்று எம்மைப் பார்த்த பார்வையை இங்கு விவரிக்க வேண்டியதில்லை. ஏன் மெதுவாகப் போனவர் முந்தினார் என்று அவரும் கேட்டார்; கதிரையை இழுத்துப் போட்டு அவருக்கு அதனை விளக்கிச் சொன்னவர் அந்த இளையவரே.